எங்கள் பிள்ளைகளும் மிருக வைத்தியமும்



இன்று நான் எடுத்துக்கொண்ட விடயம் கொஞ்சம் புதினமானது. டொக்டர், இஞ்சினியர், கணக்காளர் என்று எத்தனையோ படிப்புகளைப் பற்றி இந்த வானொலியில் பேசியிருக்கிறோம். மிருக வைத்தியப் படிப்பைப் பற்றி யாரும் பேசியதாக எனக்கு ஞாபகம் இல்லை. நானும் பேசியிருக்க மாட்டேன். என் மகள்தான் பேச வைத்துவிட்டாள்.

சென்ற நத்தார் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தவள், சாப்பாட்டு மேசையில் வைத்துச் சொன்னாள். "அப்பா, நான் மிருக வைத்தியம் படிக்க விண்ணப்பிக்கப் போறன். கிடைச்சால் முதல் ரெண்டு வருசம் தண்டர் பேயில்."

மனைவி கறி அள்ளிய கரண்டியை அப்படியே வைத்துவிட்டார். "மாட்டு டொக்குத்தரோ? இதுக்கோ உங்கட அப்பா ரெண்டு வேலை செய்தவர்?" என்று கேட்டார். நான் ஒன்றும் பேசவில்லை. ஆனால் என் மனதிலும் அதுதான் இருந்தது. அதோடு தண்டர் பே! ரொறன்ரோவில் இருந்து ஏறத்தாழ 1,400 கிலோமீற்றர். அந்தக் குளிரில் ஒரு பிள்ளையைத் தனியே விடுவதா?

பிறகுதான், எதிர்க்கிறதென்றாலும் விளங்கிக்கொண்டு எதிர்ப்போம் என்று விசாரிக்கத் தொடங்கினேன். அறிந்துகொண்டதை உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

கனடா முழுவதற்கும் மிருக வைத்தியக் கல்லூரிகள் ஐந்துதான். குவெல்ப், கியூபெக்கில் சென்ற்-யசான்த், சாஸ்கட்டூன், சார்லற்ரவுண், கல்கரி. இவற்றுள் மிகப் பழையது ஒன்ராறியோ மிருக வைத்தியக் கல்லூரி. 1862 இல் ரொறன்ரோவில் தொடங்கி, 1922 இல் குவெல்ப் நகருக்கு மாறியது. அண்மைக்காலம் வரை, ஒன்ராறியோவில் மிருக வைத்தியராக வர விரும்பும் பிள்ளைக்கு இந்த மாகாணத்தில் இருந்த வாசல் அது ஒன்றுதான்.

இங்கே மிருக வைத்தியர்களுக்குப் பெரிய தட்டுப்பாடு. ரொறன்ரோவில் நாயையும் பூனையையும் பார்க்க ஆள் இருக்கிறது. வட ஒன்ராறியோவில் ஒரு பண்ணைக்காரரின் பசு கன்று ஈன முடியாமல் கிடந்தால், வைத்தியர் வர மணிக்கணக்கில் ஓடவேண்டும். சில இடங்களில் வர ஆளே இல்லை.

புதிதாக ஒரு கல்லூரி கட்டலாமே என்று நீங்கள் கேட்கலாம். மிருக வைத்தியக் கல்லூரி என்றால் வகுப்பறை மட்டும் போதாது. மாடு, குதிரை நிற்கக்கூடிய ஆஸ்பத்திரி வேண்டும். சத்திரசிகிச்சைக் கூடம், எக்ஸ்ரே, விசேட வைத்தியர்கள் எல்லாம் வேண்டும். செலவு மலைபோல வரும். எனவே இரண்டு பல்கலைக்கழகங்கள் கைகோர்த்தன.

2023 ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் ஒன்ராறியோ அரசு இதற்கு இரண்டு வருடங்களுக்கு 14.7 மில்லியன் டொலர் ஒதுக்கியது. திட்டம் இதுதான். குவெல்ப் பல்கலைக்கழகமும் தண்டர் பேயில் உள்ள லேக்ஹெட் பல்கலைக்கழகமும் சேர்ந்து வருடத்துக்கு 20 மாணவர்களை மேலதிகமாக எடுக்கும். முதல் இரண்டு வருடம் லேக்ஹெட்டில், அடுத்த இரண்டு வருடம் குவெல்ப்பில். முதல் அணி 2025 இல் படிப்பைத் தொடங்கியது. நான்கு வகுப்புகளும் நிரம்பும்போது 80 மாணவர்கள் இருப்பார்கள்.

இதில் உள்ள சூட்சுமம் எளிமையானது. முதல் இரண்டு வருடமும் பெரும்பாலும் உடற்கூறு, உடற்றொழில், நோய்க்கிருமிகள் போன்ற அடிப்படைப் பாடங்கள். அதற்கு நல்ல ஆய்வுகூடமும் ஆசிரியர்களும் இருந்தால் போதும். நோயாளி மிருகங்களைக் கைவைத்துப் பார்த்துப் பழகுவது பின்பகுதியில்தான் அதிகம். அதற்கு குவெல்ப்பின் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. ஒரு வீட்டில் ஆட்டுக்கல்லும் அடுத்த வீட்டில் அம்மியும் இருந்தால், இரண்டு வீட்டிலும் சமையல் நடக்கும்தானே.

இன்னொரு காரணமும் உண்டு. படித்த இடத்தில் வேர் விடுவது மனித இயல்பு. வடக்கில் படிக்கிற பிள்ளை வடக்கிலேயே தொழில் செய்ய வாய்ப்புக் கூட. இதே தண்டர் பேயில் லேக்ஹெட் பல்கலைக்கழகமும் சட்பரியின் லொறன்ஷியன் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2005 இல் வட ஒன்ராறியோ மருத்துவக் கல்லூரியைத் தொடங்கின. வடக்குக்கு டொக்டர்மாரை உருவாக்குவதே அதன் நோக்கம். அது 2022 இல் தனிப் பல்கலைக்கழகமாகவே ஆகிவிட்டது. அந்த அனுபவம் கண்முன்னே இருக்கிறது.

கூட்டாகப் படிப்பிப்பது கனடாவுக்குப் புதிதும் அல்ல. சாஸ்கட்டூன் கல்லூரி 1960களில் நான்கு மேற்கு மாகாணங்களுக்கும் பொதுவாகத் தொடங்கப்பட்டது. ஒவ்வொரு மாகாணமும் தன் பிள்ளைகளின் இடங்களுக்குப் பணம் கட்டும். பிரிட்டிஷ் கொலம்பியா அண்மையில் தன் 20 இடங்களை 40 ஆக்கியது. அல்பேர்ட்டா கல்கரியில் சொந்தக் கல்லூரி தொடங்கி, பின்னர் கூட்டில் இருந்து விலகிவிட்டது. ஆகவே கூட்டு என்றால் பிரிவும் உண்டு. லண்டனில் உறவுகள் உள்ளவர்களுக்கு ஒரு செய்தி. இங்கிலாந்திலும் ஹார்ப்பர் அடம்ஸ், கீல் என்ற இரு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து 2020 இல் ஒரு மிருக வைத்தியக் கல்லூரியைத் தொடங்கின. வேல்சில் அபரிஸ்ற்வித்தில் சேரும் பிள்ளை, முதல் இரண்டு வருடத்தின் பின் லண்டன் அரச மிருக வைத்தியக் கல்லூரியின் வளாகத்துக்குப் போகிறது.

இவ்வளவையும் வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. ஏன் தெரியுமா?

எங்கள் வீடு பரந்தனுக்குக் கிட்ட. வீட்டில் சிவலை என்று ஒரு பசு. ஒரு மாரி இரவு, கன்றுத்தாச்சியாக இருந்த அது ஈன முடியாமல் கத்தியது. அப்பு அரிக்கன் லாம்போடு பக்கத்தில் இருந்தார். மிருக வைத்தியரைக் கூட்டிவர அண்ணன் சைக்கிளில் போனான். அவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். பென்னாம்பெரிய பகுதிக்கு அவர் ஒருவர்தான். விடியமுன் கன்று செத்துவிட்டது. சிவலை தப்பியது. அந்தப் பசுவின் பாலில்தான் நாங்கள் நான்கு பேரும் படித்தோம். 1996 இல் கிளிநொச்சிப் பக்கத்தால் எல்லோரும் வெளிக்கிட்டபோது, அப்பு கடைசியாகச் செய்த வேலை, மாடுகளின் கயிற்றை அவிழ்த்துவிட்டதுதான். "எங்கையாவது மேஞ்சு பிழைக்கட்டும்" என்றார். பிறகு கன நாள் அவர் பேசவில்லை.

மாட்டு டொக்குத்தர் என்று நாங்கள் சிரிக்கிறோமே நேயர்களே, அந்த இரவில் எங்கள் வீட்டுக்கு வேண்டியிருந்தது ஒரு மாட்டு டொக்குத்தர்தான்.

இலங்கையில் மிருக வைத்தியப் பட்டப்படிப்புக்குப் பேராதனையை விட்டால் வேறு இடம் இல்லை. அங்கே படித்த ஒரு நண்பர் என்னோடு இங்கே ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை செய்தார். இங்கே தொழில் செய்ய அவர் பல பரீட்சைகள் எழுதவேண்டும், மிருகங்களில் கையால் செய்தும் காட்டவேண்டும். அதற்குப் பணமும் நேரமும் தேவை. மூன்று பிள்ளைகளோடு அவரால் அது இயலவில்லை. அவர் கைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் துக்கமாக இருக்கும். எங்கள் தலைமுறைக்கு மூடிய கதவு அது. பிள்ளைகளுக்குத் திறந்திருக்கிறது.

பெற்றோருக்குச் சில விடயங்களைச் சொல்லவேண்டும். இங்கே உயர்பள்ளி முடித்தவுடன் இந்தப் படிப்புக்குப் போக முடியாது. முதலில் பல்கலைக்கழகத்தில் சில வருடம் விஞ்ஞானப் பாடங்கள் படிக்கவேண்டும். போட்டி மிகக் கடுமை. புள்ளி மட்டும் காணாது, மிருகங்களோடு பழகிய அனுபவமும் பார்ப்பார்கள். அடுக்குமாடியில் வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்கு அது குறைவு. பண்ணையிலோ மிருகக் காப்பகத்திலோ விடுமுறைக்கு வேலை செய்யக் கேட்டால் தடுக்காதீர்கள். என் மகள் இரண்டு கோடை ஒரு பாற்பண்ணையில் நின்றாள். சாணம் அள்ளவோ கனடாவுக்கு வந்தனாங்கள் என்று நான் பேசியிருக்கிறேன். இன்று அதற்காக வெட்கப்படுகிறேன்.

வடக்கிலும் பின்தங்கிய இடங்களிலும் பண்ணை மிருகங்களைப் பார்க்கப் போகும் புதிய வைத்தியர்களுக்கு, ஐந்து வருடத்தில் 50,000 டொலர் வரை ஊக்கத்தொகை தரும் திட்டத்தையும் மாகாண அரசு 2023 இல் அறிவித்தது. படிப்புக் கடன் பெரிதுதான். ஆனால் இப்படியான கைகொடுப்புகளையும் விசாரித்துப் பாருங்கள்.

மகள் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டாள். முடிவு இன்னும் வரவில்லை. கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். மனைவி இன்னும் முழுதாகச் சம்மதிக்கவில்லை. ஆனால் போன கிழமை கடையில் மொத்தமான ஒரு சோடிக் குளிர்ச் சப்பாத்தைத் தூக்கிப் பார்த்து, "இது தண்டர் பேக்குக் காணுமோ?" என்று கேட்டார். நான் சிரித்துக்கொண்டு, காணும் என்றேன்.

உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை இப்படி ஒரு கதையோடு வந்தால், கரண்டியை வைக்கமுதல் கொஞ்சம் கேளுங்கள்.