மணமும் மனசும்



வழக்கமாக இந்த நேரத்தில் உரம், விதை, பூச்சி என்று பேசுவோம். இன்றைக்கு மூக்கைப் பற்றிப் பேசப் போகிறேன். மூக்குக்கும் விவசாயத்துக்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை போட்டிருக்கிற விவசாயி ஒருவர். விடியுமுன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மொட்டுப் பறிக்கிறவர். 2021-இல் அவருக்குக் கொரோனா வந்தது. காய்ச்சல் ஒரு வாரத்தில் விட்டது. வாசனை மட்டும் திரும்பி வரவில்லை. சில மாதம் கழித்து, மொட்டுப்புழுவைப் பார்க்க வரச் சொன்னார். போனால் புழுவைப் பற்றிப் பேச்சே இல்லை. "சார், முப்பது வருசமா பூவோட கெடக்கேன். இப்ப கூடை நெறைய பூ இருந்தாலும் பஞ்சு மாதிரிதான் இருக்கு" என்றார். சோறு பிடிக்கவில்லை, யாரோடும் பேசுவதில்லை என்று அவர் சம்சாரம் வருத்தப்பட்டார். ஒருநாள் அடுப்படியில் கேஸ் கசிந்திருக்கிறது; இவர் பக்கத்திலேயே ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருந்தாராம்.

வாசனை போனால் மனசு ஏன் வாட வேண்டும்? மல்லிகை மொட்டு மாலையில் விரியும்போது லினலூல், பென்சைல் அசிடேட் போன்ற பொருள்கள் ஆவியாகிக் காற்றில் கலக்கின்றன. நம் மூக்கின் உச்சியில், தபால்தலை அளவு இடத்தில், மணத்தை வாங்குகிற நரம்புகள் இருக்கின்றன. அவற்றில் சுமார் 400 வகை வாங்கிகள் உண்டு. இவற்றுக்கான மரபணுக்களை 1991-இல் கண்டு வெளியிட்ட லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் என்ற இரு விஞ்ஞானிகளுக்கு 2004-இல் நோபல் பரிசு கிடைத்தது.

கண்ணும் காதும் அனுப்புகிற சேதி, மூளையில் தலாமஸ் என்ற இடத்தைத் தாண்டித்தான் மேலே போக வேண்டும். தாலுகா ஆபீசில் மனு கொடுத்து மேலே அனுப்புகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மணத்துக்கு அந்த வழி தேவையில்லை. பயம், சந்தோஷம் இவற்றைக் கவனிக்கிற பகுதிக்கும், நினைவுகளைச் சேர்த்து வைக்கிற பகுதிக்கும் அது நேரே போய்விடும். புதுமழை பெய்த மண்வாசனையில் சின்ன வயசு ஞாபகம் வருகிறதே, அது இதனால்தான்.

ஜப்பானில் ககோஷிமா பல்கலைக்கழகத்தார் 2018-இல் சுண்டெலிகளை லினலூல் மணத்தை முகர வைத்துப் பார்த்தார்கள். பதற்றம் குறைந்தது. மோப்பம் இல்லாத எலிகளுக்குக் குறையவில்லை. ஆக, மூக்கு வழியாகத்தான் வேலை நடந்திருக்கிறது. அதற்காக, எலிக்கு நடந்ததெல்லாம் மனுசனுக்கும் அப்படியே நடக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 'அரோமாதெரபி' என்று தைலம் விற்கிறவர்கள் சகல வியாதியும் தீரும் என்றால் நம்பிவிடாதீர்கள். நல்ல மணம் மனசுக்கு இதம். டாக்டர் கொடுத்த மருந்துக்கு அது மாற்று இல்லை.

சரி, போன வாசனையைத் திரும்பக் கொண்டுவர வழி உண்டா? உண்டு. ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்து மருத்துவர் தாமஸ் ஹும்மெலும் அவர் குழுவினரும் 2009-இல் வெளியிட்ட மோப்பப் பயிற்சி அது. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் என்று நான்கு மணம். நம் வீட்டில் இவற்றைச் சேர்ப்பது ஒன்றும் கஷ்டமில்லை. பன்னீர் ரோஜா இதழ், எலுமிச்சைத் தோல், தட்டிய கிராம்பு, பஞ்சில் இரண்டு சொட்டு நீலகிரித் தைலம். ஒவ்வொன்றையும் தனித்தனி டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள். காலையும் மாலையும், ஒவ்வொன்றையும் இருபது விநாடி மெதுவாக முகருங்கள். முகரும்போது அந்த மணம் முன்பு எப்படி இருந்தது என்று நினைத்துக்கொள்ளுங்கள். குறைந்தது மூன்று மாதம் விடாமல் செய்ய வேண்டும். மோப்ப நரம்புகள் செத்தாலும் புதிதாக முளைக்கும் தன்மை உடையவை. எல்லாருக்கும் முழுசாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது. ஆனால் செலவில்லாத முயற்சி.

சில எச்சரிக்கைகள். தைலத்தை முகரலாம், குடிக்கக் கூடாது. கற்பூரம், நீலகிரித் தைலம் இரண்டையும் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். விழுங்கினால் வலிப்பு வரலாம். பூச்சிமருந்து பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்து அடையாளம் சொல்கிற பழக்கத்தை இன்றோடு விடுங்கள். பெயர்ச்சீட்டைப் படியுங்கள். மருந்தடிக்கும்போது மூக்கு, வாய் இரண்டையும் மூடும் கவசம் வேண்டும். வாசனை தெரியாதவர்கள் கேஸ் வால்வை இரவில் மூடிவிட்டார்களா என்று வீட்டிலுள்ளவர்கள் கவனியுங்கள். தலையில் அடிபட்டோ, காரணம் தெரியாமலோ வாசனை போனால் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள்.

நம் விவசாயி நான்கு மாதம் பயிற்சி செய்தார். முதலில் கிராம்பு லேசாகத் தெரிந்தது. பிறகு காப்பி கருகின நாற்றம் அடிப்பதாகச் சொல்லிப் பயந்தார். நரம்பு திரும்பத் துளிர்க்கும்போது இப்படி மாறித் தெரிவது உண்டு, விடாமல் செய்யுங்கள் அண்ணே என்றேன். போன மார்கழியில், பூ குறைந்து விலை ஏறியிருந்த சமயம், போனில் கூப்பிட்டார். "சார், மல்லி மணக்குது. முந்தி மாதிரி இல்ல, பாதிதான். ஆனா மணக்குது" என்றார். அதற்குப் பிறகுதான் மொட்டுப்புழுவுக்கு என்ன மருந்து என்று கேட்டார்.

அந்த மருந்தை உங்களுக்கு அடுத்த வாரம் சொல்கிறேன்.