எண்ணிப் பார்த்தால்தான் தெரியும்

(நூற்றாண்டு விழாப் பொதுக்கூட்டத்தில், சங்கத்தின் கல்விக் குழு சார்பில் ஆற்றப்பட்ட உரை)



ஒருகொடவத்தையிலிருந்து வரும் ஒரு பிள்ளை பல்கலைக்கழகம் செல்ல எமது சங்கம் என்ன செய்யலாம் என்று எங்கள் குழுவிடம் கேட்டிருந்தீர்கள். பரிசளிப்பு, புலமைப்பரிசில், கட்டட நிதி எல்லாம் நாம் செய்து பழகியவை. இன்று நாங்கள் கேட்பது ஓர் ஆய்வு. அதற்குப் பெரும் பணம் வேண்டாம். ஒரு பதிவேடும் பொறுமையும் போதும்.

1945இல் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. ஆகவே அரச பல்கலைக்கழக வாசலில் நிற்கும் பிள்ளையைத் தடுப்பது கட்டணமன்று, இடப் பற்றாக்குறை. உயர்தரத்தில் தகுதி பெறுவோரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கே இடம் கிடைக்கிறது. கலைத்துறை தவிர்ந்த பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைப்படியும், 55 வீதம் மாவட்டச் சனத்தொகைப்படியும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் பகிரப்படுகின்றது. எழுபதுகளில் தரப்படுத்தலையும் மாவட்டக் கோட்டாவையும் நேரில் கண்ட அக்காமார் இச்சபையில் இருக்கிறீர்கள். கணக்கிடும் முறை மாறினால் ஒரு பிள்ளையின் வாழ்க்கையே மாறும் என்பதை உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை.

கொழும்பு ஒரே மாவட்டம். கறுவாத்தோட்டத்துப் பிள்ளைக்கும் ஒருகொடவத்தைப் பிள்ளைக்கும் ஒரே வெட்டுப்புள்ளி. கொள்கலன் லொறிகளின் இரைச்சலில் படிப்பதும், 2016 மே வெள்ளம் போன்றதொன்றில் கொப்பிகளை இழப்பதும் இசட் புள்ளியில் தெரியா. பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் கொழும்பு இல்லை, இருக்கவும் நியாயமில்லை. ஆனால் வசதியான மாவட்டத்தின் சராசரிக்குள் வறிய தெரு மறைந்துபோகிறது. அந்தத் தெருவை மாவட்டக் கணக்கு காட்டாது. பாடசாலையின் கணக்குத்தான் காட்டும்.

எதை எண்ணுவது? பிள்ளை எந்த வாசலில் திரும்பிப் போகிறாள் என்பதை.

முதலாவது, சாதாரண தரத்தின் பின். விஞ்ஞானப் பிரிவு 1ஏபி வகைப் பாடசாலைகளில் மட்டுமே உண்டு. விரும்பிய பாடத்தைத் தமிழில் படிக்க எவ்வளவு தூரம் போகவேண்டும், யார் கூட்டிப்போவார் என்பதே பலருக்குத் துறையைத் தீர்மானித்துவிடுகிறது.

இரண்டாவது, உயர்தரத்தில். மூன்று தடவை எழுத அனுமதி உண்டு. முதல் தடவையோடு நின்றவள் ஏன் நின்றாள்? வேலைக்கா, கலியாணத்துக்கா, ரியூசன் காசு இல்லாமலா?

மூன்றாவது, விண்ணப்பத்தில். கற்கைநெறிகளை விருப்ப ஒழுங்கில் இடவேண்டும். எழுதாமல் விட்ட நெறி, புள்ளி போதுமாயிருந்தாலும் கிடைக்காது. சில நெறிகளுக்கு உளச்சார்புப் பரீட்சையும் உண்டு. அதற்கு விண்ணப்பிக்கத் தவறினால் அந்த வாய்ப்பும் போய்விடும்.

நான்காவது, உள்ளே போனபின். தமிழில் படித்தவளுக்குப் பல பீடங்களில் விரிவுரை ஆங்கிலத்தில். முதலாம் வருடத்தில் அவள் தனித்துப்போகிறாளா என்று யார் கேட்கிறார்கள்?

மூன்றாவது வாசலைப் பற்றி அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. 2008இல் ஒஹாயோவிலும் வட கரோலினாவிலும் வரிப் படிவம் நிரப்ப வந்த வருமானம் குறைந்த குடும்பங்களில் ஒரு பகுதியினருக்கு, மாணவர் உதவிப் படிவத்தையும் அங்கேயே இருந்து நிரப்பிக் கொடுத்தார்கள். இன்னொரு பகுதியினருக்குத் தகவல் மட்டும் சொல்லி அனுப்பினார்கள். படிவம் நிரப்பிக் கொடுத்த குடும்பங்களின் பிள்ளைகளில் கல்லூரி சென்றோர் 8 சதவீதப் புள்ளி கூடினர். தகவல் மட்டும் பெற்றவர்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. கருத்தரங்கு வைத்துக் கையேடு கொடுத்துவிட்டுப் போகும் நமக்கு இதில் பாடம் உண்டு. பக்கத்தில் இருந்து செய்து முடிப்பதே உதவி.

பல்கலைக்கழகம் ஒன்றே வழியுமல்ல. நாவலையில் திறந்த பல்கலைக்கழகம் 1980 முதல் இருக்கிறது. ஒருகொடவத்தையிலேயே வாகனப் பொறியியல் பயிற்சி நிறுவகம் இருக்கிறது. தேசிய தொழிற்றகைமைப் படிகளில் ஏறிப் பட்டம் வரை போகலாம். வீட்டருகே உள்ள அந்த வாசல் நம் பிள்ளைகளுக்கும் உரியது என்று எத்தனை தாய்மாருக்குச் சொல்லியிருக்கிறோம்?

ஆகவே சங்கத்திடம் மூன்று வேண்டுகோள். தரம் 11இலிருந்து ஒவ்வொரு மாணவியின் வழியையும் ஐந்து வருடம் தொடரும் பதிவேடு ஒன்று. பெயர்கள் அதிபரின் பொறுப்பில் இருக்கட்டும், சங்கத்துக்கு எண்கள் போதும். விண்ணப்ப காலத்தில் ஒவ்வொரு பிள்ளையின் அருகிலும் ஒரு பழைய மாணவி. ரொறன்ரோவிலோ சிட்னியிலோ இருப்பவர் தொலைபேசித் திரையில் வரலாம். முதலாம் வருட மாணவிக்கு, அதே பீடத்தில் படித்த ஓர் அக்கா.

வருடா வருடம் அந்த எண்களைப் பொதுக்கூட்டத்தில் வாசிப்போம். எந்த வாசலில் அதிகம் பேர் திரும்புகிறார்களோ, அடுத்த வருடப் பணமும் உழைப்பும் அங்கே போகட்டும். சென்ற நூற்றாண்டில் சாதித்தவர்களின் பெயர்களைப் பலகையில் பொறித்தோம். இனி இடைவழியில் நின்றுவிட்டவர்களையும் எண்ணுவோம். அவர்களும் நம் கல்லூரிப் பிள்ளைகளே.