கசடும் காசாகும்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் புக்கிட் பாத்தோக் இல்லத்தரசி ஒருவர் ஆற்றிய உரை)



கழிவு என்றதும் முகம் சுளிக்காதீர்கள். நம் பெரியவர்கள் காலத்தில் மலக்கழிவை வாளிகளில் அள்ளிச் சென்றார்கள். அந்த வாளி முறை 1987 ஜனவரியில்தான் சிங்கப்பூரில் முடிவுக்கு வந்தது. இன்று புக்கிட் பாத்தோக்கில் பத்தாவது மாடியில் நான் ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லாம் போய்விடுகிறது. உண்மையில் போய்விடுகிறதா? இடம்தான் மாறுகிறது.

கழிவுநீரைச் சுத்திகரித்து 2003 முதல் நியூவாட்டர் தயாரிக்கிறோம். நீர் பிரிந்தபின் தங்குவது கசடு. காற்றுப் புகாத தொட்டிகளில் அதை நுண்ணுயிர்கள் தின்று, மீத்தேன் கலந்த எரிவாயுவைத் தருகின்றன. அதிலிருந்து மின்சாரம் எடுக்கலாம். மிஞ்சுவதை எரித்தால் வரும் சாம்பல் செமாக்காவ் தீவுக்குப் போகிறது. 1999ல் திறக்கப்பட்ட அந்த ஒரே குப்பை நிலம் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்கிறார்கள். ஆகவே மிச்சம் குறைய வேண்டும்.

இதில் ஒரு சிக்கல். கசடில் ஒரு பெரும்பகுதி நுண்ணுயிர்களின் உடல்களே. அவற்றின் உறை கெட்டியானது, எளிதில் சிதையாது. உளுந்தை ஊறவைக்காமல், அரைக்காமல் வைத்தால் இட்லி மாவு பொங்குமா? கசடுக்கும் அப்படி ஒரு முன்தயாரிப்பு வேண்டும்.

உலு பாண்டான் ஆலையில் மிகையொலி அலைகளால் கசடை உடைத்துப் பார்த்தார்கள். இன்னொரு வழி நம் பிரஷர் குக்கர் மாதிரிதான். சுமார் 160 டிகிரி நீராவியில், அழுத்தத்தில், அரைமணி நேரம் வேகவைத்து, அழுத்தத்தைச் சட்டென்று விடுவிக்கிறார்கள். உறைகள் வெடித்துவிடும், கிருமிகளும் மடியும். நொதிப்பு விரைவாகிறது, வாயு கூடுகிறது, பிழியும்போது நீரும் நன்றாகப் பிரிகிறது. 1990களில் நார்வேயின் ஹாமார் நகரில் முதலில் செயல்பட்ட இம்முறை, 2020ல் கட்டுமானம் தொடங்கிய நம் துவாஸ் நெக்சஸ் திட்டத்திலும் இடம்பெறுகிறது.

"நீராவிக்கு எரிபொருள் செலவாகுமே?" என்று எனக்கு முன் பேசிய அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. கிடைக்கும் வாயுவையும், மின்சாரம் எடுக்கும்போது வீணாகும் வெப்பத்தையும் கொண்டே நீராவி தயாரிக்கலாம், அண்ணா.

உணவுக் கழிவைச் சரியான அளவில் கசடோடு சேர்த்தால் வாயு மும்மடங்காகும் என்று உலு பாண்டான் சோதனைக்குப் பின் பொதுப் பயனீட்டுக் கழகம் கூறியது. ஆனால் அந்த உணவுக் கழிவில் பிளாஸ்டிக் கலந்திருக்கக் கூடாது. அங்கேதான் நம் பங்கு இருக்கிறது.

ஒரு தீபாவளிக்கு முறுக்குச் சுட்ட எண்ணெயை நான் தொட்டியில் ஊற்றினேன். மறுவாரமே குழாய் அடைத்துக்கொண்டது. என் வீட்டுக் குழாய்க்கு ஆள் வந்தார். ஊர்க் குழாய்க்கு யார் வருவார்? எண்ணெயையும் ஈரத் துடைப்பான்களையும் வடிகாலில் போடாதீர்கள். உணவுக் கழிவைப் பிரித்துப் போடும் தொட்டி உங்கள் அடுக்குமாடியில் இருந்தால், அதில் பிளாஸ்டிக் பையைப் போடாதீர்கள்.

பொறியாளர்கள் கசடைக் காசாக்கத் தயார். அடுப்படியில் நாம் தயாரா?