இரத்தம் சோதிக்கப் பயந்த தம்பி

(கிளிநொச்சியில் நடந்த குடும்பக் கூட்டத்தில் சங்கத்தின் சுகாதாரப் பொறுப்பாளர் ஆற்றிய உரை)



இதைப் பேசப்போகிறேன் என்றதும் "பொம்பளைப் பிள்ளைகள் இருக்கிற இடத்தில் வேண்டாமே" என்று இரண்டு பேர் சொன்னார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் பேசுகிறேன்.

கட்டட வேலைக்குக் கொழும்புக்குப் போய்வந்த ஒரு தம்பி. பெயரும் ஊரும் வேண்டாம். அங்கே ஒரு பெண்ணோடு ஒரு தடவை இருந்துவிட்டார். ஆணுறை போட்டிருந்தார், அது கிழியவுமில்லை, கழரவுமில்லை. ஆனாலும் ஊருக்கு வந்தபின் தூக்கம் போய்விட்டது, உடம்பு மெலிந்தது. மெலிந்ததைப் பார்த்து எயிட்ஸ்தான் என்று தானே முடிவுகட்டிவிட்டார். சாப்பிடாத மனுசன் மெலியாமல் என்ன செய்வார்!

மனைவி கர்ப்பிணி. கிளினிக்கில் அவருக்கு இரத்தம் எடுத்தால் தன் விஷயம் வெளியே வந்துவிடும் என்று பயந்து, இரண்டு தடவை போகவிடாமல் மறித்துவிட்டார். மருத்துவமாது வீடு தேடி வந்தபிறகுதான் என்னிடம் வந்தார். அப்போது நாலு மாதம் ஓடிவிட்டது. "அக்கா, எங்கட பிள்ளைக்கும் வந்திருக்குமா?" என்று கேட்டு அழுதார்.

1977 கலவரத்துக்குப் பிறகு இங்கே வந்து காடு வெட்டிக் குடியேறிய நம் குடும்பங்களில் சில, இறப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவை. ஆணுறையும் அந்தப் பாலில் செய்ததுதான். கிழியாத உறைக்குள்ளால் எச்.ஐ.வி. கிருமி போகாது. தேங்காய் எண்ணெயோ வாசலினோ பட்டால் இறப்பர் இளகிக் கிழியும். வெயிலில் கிடந்ததும், பர்சில் மாதக்கணக்காய்க் கசங்கியதும், திகதி முடிந்ததும் ஆகாது. முறையாகப் போட்டு, கிழியாமலும் இருந்தால் எச்.ஐ.வி. தொற்ற வாய்ப்பு மிகமிகக் குறைவு. நுளம்பு கடித்தோ ஒரே கோப்பையில் தேநீர் குடித்தோ அது வராது. சிபிலிஸ் போன்றவை உறை மூடாத இடத்தாலும் தொற்றலாம். அதையும் சேர்த்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.

உறை கிழிந்துவிட்டால் கதை வேறு. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கி 28 நாள் குடிக்கிற தடுப்பு மாத்திரை இருக்கிறது. தேவையா என்று டொக்டர் சொல்வார்.

சோதனையை அடுத்த நாளே எடுத்துப் பயனில்லை. ஆறு கிழமை கழித்து எடுத்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். மூன்று மாதம் முடிந்து எடுத்தும் "இல்லை" என்று வந்தால் அந்தக் கதையை அதோடு விடலாம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்று மாவட்டத்திலும் அரசாங்கப் பாலியல் நோய்க் கிளினிக் உண்டு. காசு இல்லை, இரகசியமும் காப்பார்கள்.

தொற்று இருந்தாலும் மருந்து இலவசம். ஒழுங்காகக் குடித்துக் கிருமி அடங்கியவரிடமிருந்து உடலுறவால் அடுத்தவருக்குப் போகாது. அப்படி ஒருவரை வேலையிலிருந்தோ கோயிலிலிருந்தோ ஒதுக்கினால் சங்கம் பார்த்துக்கொண்டு இருக்காது.

தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டது என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. கர்ப்பிணித் தாய்மாருக்குக் கிளினிக்கில் எடுக்கிற அந்த இரத்தத்தால் வந்த சான்று அது. அதைத்தான் நம் தம்பி மறித்தார்.

மறுநாளே அவரைக் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். முடிவு "இல்லை". மனைவியிடம் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. அடுத்த கிளினிக் நாளில் இரண்டு பேரும் ஒன்றாக பஸ்ஸில் ஏறினதைக் கண்டேன்.