நோய் வருமுன் மருத்துவரைத் தேர்ந்துகொள்வோம்

 

மகளுக்கு மாப்பிள்ளை தேடுகையில் பத்துப் பேரிடம் விசாரிக்கின்ற நாம், உடலை ஒப்படைக்கும் மருத்துவரைப் பற்றி விசாரிப்பதில்லை. காய்ச்சலுக்கு உள்ளூரில் ஒருவர், மூட்டுவலிக்கு வாலாஜாபாத்தில் ஒருவர், அவசரத்திற்குக் காஞ்சிபுரத்தில் ஒருவர் என அலைகின்றோம். ஒருவர் எழுதியதை மற்றவர் அறியாததால், ஒரே மருந்தை இரு பெயர்களில் உட்கொள்ளும் அபாயம் நேர்கின்றது. தறியில் அமர்வோருக்கு இடுப்புவலி புதிதன்று; அதற்கு வலி மாத்திரைகளை நாமாகவே தொடர்ந்து விழுங்கினால் சிறுநீரகம் பழுதுபடக்கூடும். சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் அறிகுறியின்றியே வளர்பவை. நம்மைத் தொடர்ந்து காணும் மருத்துவரே அவற்றை எளிதில் கண்டுகொள்வார்.

ஆகவே, குடும்பத்திற்கென ஒரு பொது மருத்துவரைத் தேர்ந்துகொள்வோம். முதலில் பதிவு எண்ணைப் பார்ப்போம். அதனைச் சிகிச்சை நிலையத்திலும் மருந்துச் சீட்டிலும் குறிக்க வேண்டுமென்பது இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதி. அடுத்து, நாம் சொல்வதைப் பொறுமையுடன் கேட்பவரா, தேவையற்ற ஊசியை நாம் வற்புறுத்தினாலும் மறுப்பவரா, தம்மால் இயலாததை உரிய நிபுணரிடம் அனுப்புபவரா என்று பார்ப்போம். நம் பெண்கள் கூச்சமின்றிப் பேசத்தக்க பெண் மருத்துவர் கிடைப்பின் மிக நன்று.

வசதியில்லை என்று எவரும் தயங்க வேண்டாம். அரசு ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரும் நம் குடும்ப மருத்துவராகலாம். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் வாயிலாகச் சர்க்கரை, இரத்தக் கொதிப்பு மாத்திரைகள் இல்லத்திற்கே வருகின்றன.

சீட்டுகள், பரிசோதனை முடிவுகள், உட்கொள்ளும் மாத்திரைகள் அனைத்தையும் ஒரே பையில் வைத்து, செல்லும்போதெல்லாம் எடுத்துச் செல்வோம். நலமாயிருக்கும் இன்றே ஒருமுறை சென்று அறிமுகமாகிக்கொள்வோம்.