வெற்றிகள் மூன்று, தோல்வி ஒன்று



பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் வகுப்பில் நூற்றாண்டுப் போரைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் மூன்று பெயர்களை எழுதியிருந்தேன்: 1346 கிரெசி, 1356 புவாத்தியே, 1415 அஜின்கூர். மூன்று களங்களிலும் ஆங்கிலேயரே வென்றனர். கடைசி வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, எல்லாப் போரிலும் இங்கிலாந்தே வென்றிருக்க, பிரான்சு எப்படிப் பிழைத்தது?" என்று வினவினான். வகுப்பு நகைத்தது. எனக்கு நகைக்கத் தோன்றவில்லை. உடனே விடை கூறவும் இயலவில்லை. பின்னர் நான் தேடிக் கண்ட விடையையே இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

பிரெஞ்சு மன்னரின் மகள் வயிற்றுப் பேரன் என்ற உரிமையால், இங்கிலாந்தின் மூன்றாம் எட்வர்டு பிரான்சின் முடியைக் கோரினார். 1337இல் மூண்ட போர் 1453 வரை, இடையிடையே ஓய்ந்தும் மீண்டும் மூண்டும், நீடித்தது. ஆங்கிலேயரின் நெடுவில் பிரெஞ்சுப் பிரபுக்களின் குதிரைப் படையைக் குலைத்தது. புவாத்தியேயில் பிரெஞ்சு மன்னர் ஜானே சிறைப்பட்டார். அஜின்கூரில் இருபுறமும் காடு. நடுவே மழையில் நனைந்த உழவு நிலம். கவசம் பூண்ட வீரர்கள் அச்சேற்றில் நெருக்குண்டு மாண்டனர்.

ஆயினும், பிரான்சை வீழ்த்தியது வில் மட்டுமன்று, அந்நாட்டின் உட்பகையுமாகும். மன்னர் ஆறாம் சார்லஸ் அடிக்கடி சித்தம் கலங்கியவர். ஆட்சியைக் கைப்பற்ற ஆர்லியன்ஸ் கோமகனும் பர்கண்டிக் கோமகனும் போட்டியிட்டனர். 1407இல் முன்னவர் கொலையுண்டார். 1419இல் பின்னவர் இளவரசர் சார்லசின் ஆட்களால் கொலையுண்டார். தந்தையை இழந்த பர்கண்டியின் புதிய கோமகன் ஆங்கிலேயரோடு சேர்ந்தார். அடுத்த ஆண்டே துருவா உடன்படிக்கை எழுந்தது. இங்கிலாந்தின் ஐந்தாம் ஹென்றி பிரெஞ்சு இளவரசி கேதரினை மணந்து பிரான்சின் வாரிசாவார் என்பது அதன் சாரம். இளவரசர் சார்லஸ் உரிமை இழந்தார்.

ஆனால் 1422இல் ஹென்றி மறைந்தார்; இரு திங்களுக்குள் ஆறாம் சார்லசும் மறைந்தார். இரு நாட்டு முடிகளும் ஓராண்டும் நிரம்பாத ஒரு குழந்தைக்கு உரியவாயின. ஆங்கிலப் படை மேலும் முன்னேறி ஆர்லியன்ஸ் நகரை முற்றுகையிட்டது. 1429இல் ஜோன் என்னும் உழவர் குலப் பெண் அம்முற்றுகையை உடைக்கத் துணைநின்று, இளவரசரை ரேம்ஸ் நகரில் ஏழாம் சார்லசாக முடிசூடச் செய்தாள். 1431இல் அவளை ரூவானில் எரித்தனர்; அவள் மூட்டிய நம்பிக்கை எரியவில்லை.

நம்பிக்கை மட்டும் நாட்டை மீட்டுவிடுமா? 1435இல் அராஸ் நகரில் சார்லஸ் பர்கண்டியோடு சமாதானம் செய்துகொண்டார்; மறு ஆண்டே பாரிஸ் அவர் வசமாயிற்று. போர் ஓயும்போதெல்லாம் சம்பளமற்ற கூலிப் படைகள் கிராமங்களைச் சூறையாடி வந்தன. 1445இல் அவற்றைக் களைந்து, அமைதிக் காலத்திலும் ஊதியம் பெறும் நிலைப்படையைச் சார்லஸ் நிறுவினார். பீரங்கிகளையும் பெருக்கினார். ஆங்கிலேயருக்கோ, பிடித்த கோட்டைகளைக் காக்கப் பணம் வேண்டியிருந்தது. பிரான்சில் நடக்கும் போருக்கு வரி தர அவர்தம் பாராளுமன்றம் தயங்கிற்று. 1453இல் காஸ்டியோன் களத்தில் முதிய தளபதி டால்பட் பீரங்கிகள் நிறைந்த பாசறையின்மீது பாய்ந்து உயிர்துறந்தார். கலே துறைமுகம் ஒன்றே எஞ்சிற்று; அதுவும் 1558இல் பறிபோயிற்று. இருந்தும் ஆங்கில மன்னர்கள் 1801 வரை தம்மைப் 'பிரான்சின் மன்னர்' என்றே எழுதிக்கொண்டனர்!

பிரான்சின் வெற்றிக்கும் ஒரு விலை இருந்தது. படைக்கென விதித்த வரி போருக்குப் பின்னும் நீங்கவில்லை. பிரதிநிதிகளின் இசைவைக் கேளாமலே மன்னர்கள் அதைத் தண்டினர். அச்சுமையைத் தாங்கியவன் உழவன்.

அம்மாணவனுக்கு இன்று நான் கூறும் விடை இதுவே: களத்தில் வெல்ல ஒரு பகல் போதும்; வென்ற நிலத்தைக் காக்கப் பணமும், ஒற்றுமையும், மக்களின் இசைவும் நாள்தோறும் வேண்டும். வரலாற்று நூலில் ஒரு போரின் பெயரைக் காணும்போது, 'மறுநாள் என்ன நடந்தது?' என்று நீங்களும் கேளுங்கள்.