தெருவிளக்குக் கணக்கைக் கேளுங்கள்

ஊராட்சியில் பாகுபாடு நடக்கிறது என்று தோன்றினால், தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் பலரும் போடும் முதல் கேள்வி, “எங்கள் காலனியை ஏன் ஒதுக்குகிறீர்கள்?” என்பதுதான். அதற்கு உருப்படியான பதில் வராது. 2005ஆம் ஆண்டுச் சட்டம் தருவது ஆவணத்தை, அதிகாரியின் மனசாட்சியை அல்ல. கடந்த மூன்று நிதியாண்டுகளில் தெருவாரியாகப் போட்ட விளக்குகள், பதித்த குடிநீர்க் குழாய்கள், அதற்கான தீர்மான நகல், செலவுச் சீட்டு என்று கேளுங்கள். ஊருக்கு இத்தனை, காலனிக்கு இத்தனை என்று இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஓரவஞ்சனை தானே தெரிந்துவிடும். எண்ணிக்கை வித்தியாசம் மட்டுமே பாகுபாட்டுக்குச் சான்றாகுமா என்று கேட்பார்கள். ஆகாதுதான். அதனால் ஒவ்வொரு தெருவிலும் உள்ள வீடுகளின் எண்ணிக்கையையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

“இதெல்லாம் உனக்கு எதற்கு?” என்று அலுவலகத்தில் அதட்டலாம். காரணம் சொல்லத் தேவையில்லை என்கிறது பிரிவு 6(2). தனிநபர் விவரம் என்ற ஆட்சேபம் நியாயமானது. பயனாளிகளின் ஆதார் எண் வெளியே வரக் கூடாது. அதற்காகக் கோப்பையே பூட்டிவிட முடியாது. அந்தப் பகுதியை மட்டும் மறைத்து மீதியைத் தர பிரிவு 10 வழி செய்கிறது. மனுக் கட்டணம் 10 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. 30 நாளில் பதில் வராவிட்டால், அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்துவிடுங்கள்.